லீமாரோஸ் சொன்ன பாதி

என் ஓரகத்தி லீமாரோஸைப் பற்றி ஃபாதரிடம் போய்க் கோள் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் யாராவது இந்தப் பிரெசில்லா நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அக்காள்மடம் என்கிற எங்கள் தீவுக் கிராமத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் எல்லை. அவள் கணவர் சந்தியாகும் என் வீட்டுக்காரர் ஆன்டனி ராஜும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன். லீமாரோஸ் அக்கா கடல்பாசி எடுத்து விற்கிறவள்.

பாசி எடுப்பது என்றால் ஏதோ குளத்தங்கரையில் நின்று அள்ளுவது என்று நினைக்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தென்கடலில் தண்ணீர் வற்றும் நாட்களில் எங்கள் பெண்கள் விடிந்ததும் வல்லம் என்கிற நாட்டுப் படகில் ஏறி, ஆளில்லாத சின்னத் தீவுகள் பக்கம் போவார்கள். புருஷனின் முழுக்கைச் சட்டை, முகத்தில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடியில் பாறையைப் பற்றியிருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் இதே வேலை.

கல்யாணமான புதிதில் நானும் நான்கு வருடம் அவளோடு போயிருக்கிறேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. தண்ணீர் கலங்கினால் பக்கத்தில் இருக்கும் ஆளே தெரியாது. எனக்கு அழுகை வந்துவிடும். கடலுக்குள்ளே அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு நைலான் கயிற்றை எடுத்து ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை என் இடுப்பிலும் கட்டினாள். ஒரு இழுப்பு இழுத்தால் "நான் இங்கன இருக்கேன்" என்று அர்த்தம். வேறு எந்த ஜோடியும் அப்படிக் கயிறு கட்டிக்கொண்டு முங்கவில்லை. வல்லத்தில் மற்றவர்கள் எங்களைப் பார்த்து, கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சிரிப்பார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கயிற்றை அவிழ்க்கவும் மாட்டாள்.

அவள் எப்படி எங்கள் தெருவுக்கு ஜெபமாலை சொல்கிறவள் ஆனாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் சந்தியாகு அத்தான் போன படகை, எல்லை தாண்டி வந்துவிட்டது என்று அக்கரையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம். இந்தத் தீவில் அது புதிய செய்தி இல்லை. ஆனால் நம் வீட்டுக்கு வரும்போது எல்லாச் செய்தியும் புதிதுதான். தெருப் பெண்கள் சாயங்காலமானால் அவள் வீட்டில் கூடி உட்கார்ந்து, அங்கே சாப்பாடு எப்படியோ, அடிப்பார்களோ என்று பேசுவார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தது. நம் ஆறுதல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "நீங்க பேசப் பேச எனக்குப் பயம் கூடுது. வந்தது வந்துட்டீக, உக்காந்து ஜெபமாலை சொல்லுங்க."

ஜெபமாலையைத் தனியாகவும் சொல்லலாம். ஆனால் கூட்டமாகச் சொல்லும்போது அதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாதாவை வாழ்த்தும் பாதி ஜெபத்தைச் சொல்லி நிறுத்துவார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிற மீதிப் பாதியை மற்ற எல்லாரும் சேர்ந்து சொல்லி ஆமென் என்று முடிப்பார்கள். பிறகு மாலையில் அடுத்த மணி. அப்படியே முதலில் மூன்று, பிறகு ஐந்து பத்துகள், மொத்தம் ஐம்பத்துமூன்று மணி. அன்று லீமாரோஸ் அக்கா பாதியைச் சொன்னாள், நாங்கள் பத்துப் பேர் மீதியைச் சொன்னோம். அவளுக்கு இனிமையான குரல் ஒன்றும் இல்லை. மீன் ஏலம் போடுகிற குரல். ஆனாலும் அன்று அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்ததை நான் பார்த்தேன்.

"நான் சொல்லி நிறுத்துனதும் நீங்க எல்லாரும் சேந்து சொல்லுறீகல்ல, அப்ப ஆண்டவரே பதில் சொல்லுற மாதிரி இருக்கு பிரெசி. 'இங்கனதான் இருக்கேன்'னு" என்றாள் பிறகு.

ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் சொன்னோம். அத்தான் திரும்பி வந்தார், இளைத்துக் கறுத்து. ஜெபம் மட்டும் நிற்கவில்லை. எங்கள் தெருவின் இருபத்தைந்து வீடும் சேர்ந்த அன்பியம் என்கிற ஜெபக் குழுவுக்கு அவளே நிரந்தரமாக முன்னால் உட்காருகிறவள் ஆகிவிட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் என் தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனான். ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து சகாயவினோத் என்று பெயர் வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும், வயது இருக்கிறது, அடுத்தது பிறக்கும் என்றார்கள். அவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவில்லை. கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டேன்.

லீமாரோஸ் அக்கா கடலில் இருந்து வந்து, தலையில் உப்புக்கூடக் காயாமல் என் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. பாதி ஜெபத்தைச் சொன்னாள். நிறுத்தினாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் எனக்குப் பதிலாக அதைச் சொல்லவில்லை. மீதிப் பாதியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா காத்திருந்தாள். பிறகு அடுத்த மணியைத் தொட்டு, மறுபடி பாதி. மறுபடி காத்திருப்பு. ஐம்பத்துமூன்று முறை இப்படி. எழுந்து போய்விட்டாள். மறுநாளும் வந்தாள்.

எட்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாவது நாள், மூன்றாவது பத்து மணியின் நடுவில், என் வாய் தானாக அந்த மீதியைச் சொன்னது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. எனக்காக ஒருத்தி அத்தனை தடவை இடம் விட்டு வைத்திருந்தாள், அதில் போய் நின்றுகொள்ளத் தோன்றியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மணிக்குப் போனாள். அன்று சாயங்காலம் நான் சோறு தின்றேன்.

இப்படிப்பட்டவள் மேல் கோள் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொன்னேன். வருடங்கள் போனால் நன்றியும் தேய்ந்துபோகிறது. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக் முன்னால் நின்று வாசகம் வாசிக்கிறவள். என் உச்சரிப்பை வெளியூர்ச் சாமியார்களே பாராட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க, தெரு ஜெபத்தில் மட்டும் ஏலக் குரலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

போன அக்டோபரில் அதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது. அக்டோபர் ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒவ்வொரு வீடாகக் கூடுவோம், முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள். அந்த மாதம் தொடங்கியதில் இருந்தே லீமாரோஸ் அக்கா அவசரப்பட்டாள். நாங்கள் மீதிப் பாதியின் நடுவில் இருக்கும்போதே அடுத்த மணியைத் தொடங்கிவிடுவாள். இரண்டு ஜெபமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். பின்னால் இருந்து "அக்கா, மெதுவா" என்று சொல்லியும் பார்த்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தலைக்கனம் என்று முடிவு கட்டினேன்.

ஃபாதரிடம் போனேன். "அவங்க பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஜெபம் சொல்றாங்க ஃபாதர். பக்தியே போயிருச்சு. நான் பொறாமையில சொல்லல" என்றேன். பொறாமை இல்லை என்று யாராவது கேட்காமலே சொன்னால் என்ன அர்த்தம் என்று ஃபாதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் புதியவர், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அவளைக் கூப்பிட்டு, "இந்த மாசம் பிரெசில்லா சொல்லட்டும்மா, நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க" என்று பக்குவமாகத்தான் சொன்னார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஜெபம் சொல்கிறவர் கையில் இருக்கும் அந்தப் பெரிய மரமணி ஜெபமாலையைப் பையில் இருந்து எடுத்து, முத்தமிட்டு, என் கையில் வைத்தாள்.

முதல் நாள் நான் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஜெபம் சொன்னேன். அவள் பின்சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அங்கேதான். மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாளும் இல்லை. ஜெபம் ஒழுங்காக நடந்தது, யாரும் சிரிக்கவில்லை, எனக்கு மட்டும் ஒவ்வொரு மணிக்கும் கண் பின்சுவருக்குப் போனது. வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று ஐந்தாம் நாள், ஜெபம் முடிந்த கையோடு ஒரு தொன்னையில் சுண்டலை எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தான் கடலுக்குப் போயிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் இருந்தாள். "அக்கா" என்றேன். திரும்பவில்லை. வீம்புதான் என்று நினைத்தேன்.

அவள் பாதி ஜெபத்தைச் சொன்னாள். நிறுத்தினாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வீட்டில் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆனாலும் காத்திருந்தாள், அன்று என் பாய் ஓரத்தில் காத்திருந்தது போல. பிறகு அடுத்த மணியைத் தொட்டாள்.

வாசலில் நின்றபடியே மீதிப் பாதியைச் சத்தமாகச் சொன்னேன். என் மைக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி. நான் பாதி வருவதற்குள் அவள் அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். அடுத்த முறையும் சொன்னேன். அடுத்த முறையும் என் ஜெபத்தின் மேலேயே அவள் ஜெபம் ஏறியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிட்டாள். என் கண்ணைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

"வலது காது தவக்காலத்துலயே போச்சு" என்றாள். "இடதுல கொஞ்சம் இருந்துச்சு. மாதா திருநாளுக்கு வெடி போட்டாக பாரு, எனக்குப் புகைதான் தெரிஞ்சுச்சு."

பாசி எடுக்கும் எங்கள் பெண்களுக்குக் காது வலி தலைவலி மாதிரி. வலித்தால் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு மறுநாள் முங்கப் போய்விடுவார்கள். அவளும் வருடக்கணக்காக அதைத்தான் செய்திருக்கிறாள். அவளுக்குச் சில நாள் ஊற்றிவிட்டவள் நானேதான்.

வாயைப் பெரிதாக அசைத்து, கையைக் காட்டிக் கேட்டேன்: "அத்தான்ட்டயாவது சொல்லலையா?"

"நான் சொல்லுறத அவரு என்னைக்குக் காதுல வாங்குனாரு? இப்ப அவரு சொல்லுறத நான் வாங்கல. அந்த மனுசனுக்கு வித்தியாசமே தெரியல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தெருவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா முன்னால உக்கார விடுவீகளா?" என்றாள். "நீதான் ஃபாதர்ட்ட சொன்னேன்னு தெரியும் பிரெசி. நீ சொன்னது சரிதான். நான் முந்திருறேன். உங்க பாதியையும் உள்ளுக்குள்ள நானே சொல்லிப் பாத்து, முடிஞ்சிருக்கும்னு நெனச்சு அடுத்ததுக்குப் போறேன். நீங்க இழுத்து இழுத்துச் சொல்லுவீக. நான் ஓடிருறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். உதட்டைப் பார்க்காவிட்டால் அவளுக்கு நான் பேசுவது தெரியாது அல்லவா. ஆனால் அவள்தான் பேசினாள்.

"மொதல்ல ரொம்பப் பயந்துட்டேன். நான் சொல்லி நிறுத்துவேன், ஒண்ணுமே வராது. திரும்பிப் பாத்தா உங்க வாயெல்லாம் அசையும். ஆண்டவர் என்கூடப் பேச்சை நிறுத்திட்டாருன்னே நெனச்சேன். எந்தப் பாவத்துக்குன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். அப்புறம் ஒருநாள் தீவுக்கு அங்கிட்டு முங்கிப் பாசியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது தோணுச்சு. இங்கன என்னைக்குக் காது கேட்டுச்சு? இருபத்தெட்டு வருசமா முங்குறேன். அடியில ஒரு பேச்சுச் சத்தம் உண்டா? ஆனா ஒருநாளும் தனியா இருக்கேன்னு பயந்ததில்லையே. மேல வல்லம் நிக்குதுன்னு தெரியும். அண்ணாந்து பாத்துக்கிட்டா இருக்கேன்? நிக்குதுன்னு தெரியும், அம்புட்டுத்தான். அன்னைக்குப் போச்சு பயம். அவரு பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. எனக்குத்தான் கேக்கல."

"அப்ப ஏன் ஜெபத்துக்கு வராம இருக்க?" என்றேன்.

"பின்னால உக்காந்தா நீ எந்த மணியில இருக்கேன்னே தெரியல பிரெசி. எல்லாரும் எங்கயோ போறீக, நான் மட்டும் வழியில நிக்குறேன். இங்கனன்னா என் பாதியையாவது நான் சொல்லிக்கிடலாம்" என்றாள். அதுவரை திடமாக இருந்த குரல் அங்கேதான் உடைந்தது. ஐந்து மாதம் புருஷனைக் காணாமல் இருந்தபோதும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே அவளை ராமநாதபுரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு சவ்விலும் ஓட்டை, எண்ணெய் ஊற்றியதில் சீழ் வேறு, இனி முங்கவே கூடாது என்றார். மெஷின் வைத்தால் இடது காதில் கொஞ்சம் கேட்கும் என்றார். பிறகு வைத்தும் பார்த்தோம். பஸ் ஹாரனும் என் தையல் மெஷினும்தான் கேட்கிறது, மனுசப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். பாசிக்குப் போகாமல் இருக்கச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

ஃபாதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், இந்த முறை கோளாக இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் என் பாவமாக. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாதக் கடைசி ஜெபம் மாதாவுக்குக் குகை போலக் கட்டிய கோயில் கெபியின் முன்னால், கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாரும் கூடி, மைக் வைத்து நடக்கும். அதை லீமாரோஸ் அக்காதான் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் சரி என்றார். தெருவில் இரண்டு பேர் முனகினார்கள். முனகுகிறவர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து முனகுங்கள் என்றேன். யாரும் வரவில்லை.

அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு வேலை செய்தேன். அந்தப் பெரிய மரமணி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போய் மணிப் பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன். சிலுவை தொங்கும் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், கயிறு கட்டியிருந்த இடத்தை. புரிந்துகொண்டாள்.

கெபியின் முன்னால் இருநூறு பேருக்குக் குறையாது. அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். அவள் பாதியைச் சொன்னாள். கூட்டம் மீதியைச் சொல்லி ஆமென் என்றதும் நான் இழுத்தேன். பதற்றத்தில் பலமாக இழுத்துவிட்டேன் போல. "மெதுவாடி, மாடா பிடிக்கிற" என்று அவள் சொன்னது மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது. ஃபாதரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகப் போனது. ஒரு மணிகூட ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை.

மூன்றாவது பத்து மணி வந்தது. அவள் தன் ஏலக் குரலில் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். எனக்கு என் பழைய பாயும், சுவரும், அவள் தலையில் காயாத உப்பும் நினைவுக்கு வந்தன. மூன்று நாள் மட்டும் என்னோடு இருந்த சகாயவினோதின் முகம் வந்தது. கூட்டம் மீதியைச் சொல்லி முடித்தது. நான் சொல்லவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

எங்கும் அமைதி. யாரோ இருமினார்கள். முன்வரிசைப் பிள்ளை ஒன்று திரும்பி அம்மாவைப் பார்த்தது. லீமாரோஸ் அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தாள். அவள் உள்ளுக்குள் போடும் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் முந்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமோ அவசரமோ இல்லை. அவளைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை, கையில் ஒரு அசைவும் இல்லை, அவள் பாட்டுக்குக் காத்திருந்தாள். நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கான மீதியை வாய்க்குள் சொல்லி முடித்து, இழுத்தேன். அவள் அடுத்த மணிக்குப் போனாள்.

எல்லாம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "மன்னிச்சிரு அக்கா, இழுக்க மறந்துட்டேன். எம்புட்டு நேரம் உன்னைக் காக்க வச்சுட்டேன்" என்று வாயை அசைத்தேன்.

அவள் ஒரு பிடி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இது என்ன நேரம். ஒம்பது நாள் எடுத்துக்கிட்டவதான நீ."